ஒரு ஊடல் நேரம்

பேக்கரி அம்மா அந்தப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது பூவிக்கு முதலில் தோன்றியது, எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதுதான். வெளிர் நீலத்தில் கையடக்கமான அட்டைப்பெட்டி. மூலையில் ஒரே ஒரு சங்குப்பூ, தண்ணீரில் மிதப்பதுபோல வரைந்திருந்தார்கள். தன் பாக்கெட்டுகளைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

“நேத்து கம்பெனி ஆள் வந்து குடுத்துட்டுப் போனார்,” என்றார் பேக்கரி அம்மா. “கடையில வைக்கச் சொல்றார். நீ கொண்டு வரேன்னு சொன்ன டீயும் இதுவும் ஒண்ணு மாதிரியே இருக்கேம்மா.”

பூவி என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. வீடு முழுக்கக் காய்ந்த பூ வாசனையோடு வளையவருகிறவளுக்குக் கணவன் வைத்த செல்லப்பெயர். அது எப்படியோ மூன்று மாடி இறங்கி, தெருவைக் கடந்து, இந்தப் பேக்கரி வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. காலையில் ஒரு மழலையர் பள்ளியின் சமையலறையில் அவளுக்கு வேலை. சங்குப்பூ ஊறிய பாலில் அவள் செய்யும் கஸ்டர்டுக்குப் பிள்ளைகள் ‘வானம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் வானம் வேண்டும் என்று கிண்ணத்தை நீட்டுவார்கள். மதியத்துக்குமேல் வீட்டு உள்ளறையில் வலைத்தட்டுகளோடு அவள் பாடு. சங்குப்பூவின் பச்சைக் காம்பைக் கிள்ள வேண்டும், இல்லாவிட்டால் டீயில் புல் வாசம் அடிக்கும். ரோஜா இதழின் அடியிலுள்ள வெள்ளைப் பகுதியைக் கத்தரிக்க வேண்டும், அதுதான் கசப்பு. வெயில் படாமல், காற்று மட்டும் பட்டு, கையில் எடுத்தால் காகிதம்போலச் சலசலக்கும் வரை காய வேண்டும்.

போன மாதம் அவள் கொடுத்த ரோஜா இதழை வெண்ணெய் பிஸ்கட்டின் மேல் தூவிச் சுட்டதில் இரண்டு தட்டு ஒரே மணி நேரத்தில் காலியானது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பேக்கரி அம்மா, உன் டீயையும் கொண்டா, திங்கட்கிழமையிலிருந்து வைக்கிறேன் என்று வாய் திறந்தார். அப்படிக் கொண்டு வந்த முதல் இருபது பாக்கெட் இவை. போன வருடம் மூன்று மாதம் கூட்டியும் குறைத்தும் குடித்துப் பார்த்து ஒரு நிலைக்கு வந்த கலவை.

பூக்கள் ஊருக்கெல்லாம் பொதுதானே, யார் வேண்டுமானாலும் கலக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டே அவள் பெட்டியைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் செய்முறை இருந்தது.

‘கொதித்த நீரில் ஒரு ஊடல் நேரம் ஊற விடுங்கள். அதாவது, ஏழு நிமிடம்.’

இன்னொரு தடவை படித்தாள். எழுத்து மாறவில்லை.

பேக்கரி அம்மா அதற்குள் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து, அதில் பூவி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் பெட்டியின் பக்கத்தில் வைத்தார். ‘ஒரு ஊடல் நேரம் ஊறட்டும்.’ பக்கத்துப் பிள்ளையின் விடைத்தாளைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவளைப்போல பூவி நின்றாள்.

இது என் வீட்டு வார்த்தை என்று மட்டும் சொன்னாள். பேக்கரி அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். “உன் வீட்டு வார்த்தை அவங்க பெட்டிக்கு எப்படிம்மா போச்சு? நாளைக்கு அவன் வந்து, எங்க சரக்கைப் பாத்து எழுதினதை வைக்கிறீங்களேன்னு கேட்டா நான் எந்தப் பக்கம் திரும்பிக்கிறது? சனிக்கிழமை காலைல வா. யாரைப் பாத்து யாரு செஞ்சாங்கன்னு எனக்கு நேரா ஒரு பதில் சொல்லு. சரியா இருந்தா உன்னுதை வைக்கிறேன்.” போகும்போது பெட்டியையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்த வார்த்தைக்கு ஒன்பது வயது. கல்யாணமான முதல் மாதம், சொல்லாமல் கொள்ளாமல் நண்பர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டு வந்த கணவனிடம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் பூவைப் போட்டு மூடியதோடு சரி. சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவன் பின்னாலேயே நின்று கெஞ்சினான், பாடினான், கடைசியில் குரங்குபோலத் தலையைச் சொறிந்து காட்டினான். அவள் சிரித்துத் தொலைத்தபோதுதான் டீ ஞாபகம் வந்தது. பாழாய்ப் போயிருக்கும் என்று ஊற்றினால், அதுவரை அவள் போட்டதிலேயே நல்ல டீ அதுதான். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஏழு நிமிடத்துக்கு ‘ஒரு ஊடல்’ என்று பெயர். முட்டை வேகவைப்பதுகூட ஒன்றரை ஊடல்தான். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு முழு ஊடலா, அரை ஊடலா?” என்று கேட்பான் அவன்.

அன்று சாயங்காலம் அவன் அதைக் கேட்கவில்லை. மேசைமேல் இருந்த நீலப் பெட்டியைப் பார்த்ததும், ஒரு செருப்பைக் கழற்றியவன் மற்றதோடு நின்றுவிட்டான். அதிர்ச்சி என்று பூவி நினைத்துக்கொண்டாள். பேக்கரியில் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

இந்த வார்த்தை வெளியில் யாருக்குத் தெரியும் என்று அவள் கேட்டபோது காலித் தம்ளரை வாங்கி மேசைமேல் வைத்தான். அப்புறம், “அக்கா வந்திருந்தப்ப சாப்பிட உக்காந்து சொல்லிச் சிரிச்சோமே,” என்றான். கொஞ்சம் கழித்து, “அவங்க நர்சரிக்கு எல்லா டீக் கம்பெனிக்காரனும் வருவானுங்க,” என்றான்.

அக்கா என்பது அவன் உடன்பிறந்தவள். பூவிக்கு அண்ணி. செடி நர்சரியில் வேலை. பூவிக்கு முதல் சங்குப்பூக் கொடியைத் தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவரும், இன்றைக்கும் வாராவாரம் பூ பறித்து அனுப்புகிறவரும் அவர்தான். நாத்தனார் என்றால் இப்படியும் இருப்பார்களா என்று பள்ளிச் சமையலறையில் மற்ற பெண்கள் பொறாமைப்படுவார்கள்.

அவன் சொன்ன இரண்டில் எதுவும் பொய் இல்லை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான், அவ்வளவுதான். மிச்சத்தைப் பூவியே சேர்த்துக்கொண்டாள். அவன் ஒரு விளம்பர அலுவலகத்தில் வாசகம் எழுதுகிறவன். எட்டு வருடமாகத் தண்ணீர்க் குழாய்க்கும் கொசுவர்த்திக்கும் எழுதி, அவன் எழுதிய வரி ஒன்றுகூட அப்படியே அச்சில் வந்ததில்லை என்று குமைந்துகொண்டிருக்கிறவன். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெட்டி உங்கள் ஆபீஸ் வேலையா என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்கத் தோன்றாமல் இருப்பதற்குத்தானே நம்பிக்கை என்று பெயர்.

மறுநாள் பள்ளிக்கு விடுப்புச் சொன்னாள். நர்சரி பஸ் கிளம்பும் இடம்வரை அவன்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். கோபமாகப் பேசிவிடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியும் அனுப்பினான்.

ஆனால் அவள் பேசத்தான் செய்தாள். கன்றுகளுக்கு நடுவே, உரமூட்டை தூக்குகிற இரண்டு பேரும், ரோஜா வாங்க வந்த ஒரு தம்பதியும் கேட்கும்படியே பேசினாள். பூவைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே வீட்டையும் கொள்ளையடிக்க வேண்டுமா என்றாள். கம்பெனிக்காரன் என்ன கொடுத்தான், ஒரு சிரிப்பா, ஒரு சலாமா என்றாள். எங்கள் படுக்கையறையை எட்டிப் பார்த்து ஊருக்குச் சொன்னதுபோல இருக்கிறது என்றும் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அதிகம் என்று தோன்றியது. ஆனால் நிறுத்தவில்லை.

அண்ணி பூவாளியைக் கீழே வைத்தார். கையிலிருந்த மண்ணைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். முகம் மட்டும் மெல்லக் கறுத்துக்கொண்டே வந்தது. எல்லாம் முடிந்தபின், அந்தப் பெட்டியைக் கொடு என்றார். மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பூவி படிக்காமல் விட்ட பொடி எழுத்தைப் படித்தார். பொருட்களின் பட்டியல்.

“சங்குப்பூ, ரோஜா இதழ், ஏலக்காய்த் தோல். சாமந்தின்னு போட்டிருக்கு,” என்றார். “நீ போடறது சாமந்தியா?”

பூவிக்குப் புரியவில்லை. சீமைச்சாமந்தி என்றாள் தன்னிச்சையாக.

“அதத்தான் கேக்கறேன். சீமைச்சாமந்தி சுண்டுவிரல் நகம் அளவு. வெள்ளை இதழ், நடுவுல மஞ்சள் குமிழ், ஆப்பிள் வாசனை. ஏழு நிமிஷம் ஊறினாலும் இனிப்பாத்தான் இருக்கும். சாமந்தி மாலை கட்டற பெரிய பூ, அந்த நேரத்துக்கு ஊறினா வாயில வைக்க முடியாது. இதக் குடிச்சுப் பாத்தியா? கசக்கும். நான் சொல்லிக் குடுத்திருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமா? காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் இந்த ரெண்டு செடிக்கும் தண்ணி ஊத்தறவ நான்.” அண்ணி பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். “ரெண்டும் ஒண்ணுதான்னு சாதிக்கிற ஆள் நம்ம குடும்பத்துல ஒருத்தன்தான் இருக்கான். நான் பேர் சொல்லல. நீயே போய்க் கேளு.”

மன்னிப்பு என்று ஏதோ வாயெடுத்தாள் பூவி. அண்ணி கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, ரோஜா வாங்க வந்தவர்களிடம் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது, இருக்காது, இருக்கவே இருக்காது என்று அவள் வழிநெடுக வாதாடிக்கொண்டே வந்தாள். யாரோ கம்பெனிக்காரன் பொருள் மாற்றியிருக்கலாம். அச்சில் பிழை வந்திருக்கலாம். வீட்டுப் படி ஏறும்போது வாதமெல்லாம் தீர்ந்து, உள்ளறையில் இருந்த இரண்டு கண்ணாடி ஜாடிகள்தான் மனசில் மிச்சம் இருந்தன.

அவன் வந்ததும் அவற்றை மேசைமேல் வைத்தாள். ஒன்றில் சீமைச்சாமந்தி. இன்னொன்றில், முன்பு எப்போதோ பள்ளிக்கூடத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து காயவைத்த சாமந்தி இதழ்கள்.

“நம்ம டீயில போடறது இதுல எதுங்க?”

அவன் இரண்டையும் பார்த்தான். சிரிக்க முயன்றான். “ரெண்டும் சாமந்திதானே. வெளிநாட்டுப் பேர் வச்சா பூ மாறிடுமா?”

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கும் புரிந்துவிட்டது. அவள் பெட்டியைத் திருப்பி அந்தப் பொடி எழுத்துக்கு நேரே விரலை வைத்திருந்தாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். இல்லை என்று சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் நன்றி என்று அவள் பிற்பாடு நினைத்துக்கொண்டாள்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி அவன் அலுவலகத்துக்கு வந்திருக்கிறது. பூ டீ ஒன்று கொண்டுவரப் போகிறோம், வித்தியாசமாக ஏதாவது சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். அறை நிறையப் பேர் உட்கார்ந்திருக்க, எவனும் எதுவும் சொல்லாத நேரத்தில் இவன் வாயிலிருந்து அந்த வார்த்தை விழுந்திருக்கிறது. முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தாராம். எட்டு வருடத்தில் முதல் தடவை. அதற்கப்புறம் என்ன பூ, எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். சமையலறையில் அவள் சொல்லக் கேட்டதையெல்லாம் தனக்குத் தெரிந்த மட்டும் ஒப்பித்திருக்கிறான். இப்போது அவனுக்குத் தனி அறை. உனக்கு ஒரு நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன் என்றான்.

“இது யாரு யோசனைன்னு கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“என்ன சொன்னீங்க?”

அவன் பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான். “உன் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன் பூவி. எல்லாரும் என்னையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்கே தோணுச்சுன்னு சொல்லிட்டேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்திருப்பான். அவள் உட்கார்ந்து, இரண்டு ஜாடிகளின் மூடியையும் இறுக்கினாள். பூவை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம், அளவையும் கொடுத்திருக்கலாம், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே எழுதித் தந்திருப்பேன் என்றாள். போன ஞாயிற்றுக்கிழமை சீட்டு ஒட்டியதை ஞாபகப்படுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து பசை தடவிக் கொடுத்தவன் அவன்தான். அந்த வார்த்தை இன்னொரு பெட்டியில் அச்சாகிவிட்டது என்று தெரிந்தேதான் இருபது சீட்டுக்கும் பசை தடவியிருக்கிறான்.

“அதெல்லாம்கூடப் போகட்டுங்க. அண்ணிய அத்தனை பேர் முன்னாடி நாக்கூசாமப் பேசிட்டு வந்திருக்கேன். தெரிஞ்சே என்னைப் போக விட்டீங்களே.”

“நீ நேரா போய்க் கேப்பேன்னு நான் நினைக்கல.”

“பஸ் ஏத்திவிட்டதே நீங்கதான்.”

அவன் பெட்டியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினான். இப்போது இவளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கும், எதிரில் வந்து நின்று கெஞ்சுகிறவன் நம் ஆள் என்கிற நிச்சயம் கொஞ்சமாவது வேண்டும்.

நாளைக் காலை என்னோடு பேக்கரிக்கு வந்து உங்கள் வாயால் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவன் தலையாட்டினான். காலையில் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, பொத்தானெல்லாம் மாட்டியபின், அந்தக் கம்பெனி ஆள் பேக்கரிக்கு வந்துபோகிறவன், விஷயம் ஆபீசுக்குப் போனால் அறை போய்விடும் என்று இழுத்தான். போனில் சொல்லட்டுமா என்றான். அவள் பையை எடுத்துக்கொண்டு தனியே படியிறங்கினாள்.

பேக்கரியில் கூட்டம் இல்லை. இரண்டு கோப்பையில் இரண்டு டீயையும் போட்டு, ஏழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். கம்பெனி டீயை ஒரு வாய் குடித்த பேக்கரி அம்மா, கஷாயம் குடித்த பிள்ளைபோல முகத்தைச் சுளித்தார். பூவியுடையதைக் கோப்பை காலியாகும்வரை குடித்தார்.

“எது மூலம், எது நகல்னு நாக்குக்குத் தெரிஞ்சிடுச்சு,” என்றார். “எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லு.”

என் வீட்டுக்காரர் கொடுத்தது என்று சொல்லத்தான் பூவி வந்திருந்தாள். சொல்ல நாக்கு புரளவில்லை. ஒன்பது வருடம் அவனை எங்கேயும் விட்டுக்கொடுத்துப் பேசாத நாக்கு. அவள் தயங்கி நின்றபோதே கதவு மணி அடித்தது. தேய்த்த சட்டையில் வியர்வையோடு அவன் நின்றுகொண்டிருந்தான். ஓடி வந்திருப்பான் போலிருந்தது.

இவர் யாரு என்று பேக்கரி அம்மா கேட்டார்.

“விளம்பரம் எழுதறவர்,” என்றாள் பூவி.

அவன் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டான். பேக்கரி அம்மாவைப் பார்த்து, அந்தப் பெட்டிக்கு எழுதினது நான்தாங்க என்றான். வார்த்தையும் கலவையும் இவங்களோடது, கேக்காம எடுத்துக் குடுத்துட்டேன் என்றான். மனைவி என்று சொல்லத் தைரியம் வரவில்லை, அல்லது தனக்கு அந்த உரிமை இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. பேக்கரி அம்மா அவன் முகத்தையும் அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. இருபது பாக்கெட்டையும் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் கண்ணுக்கு நேரே அடுக்கச் சொன்னார். அடுக்குமுன் பூவி ஒரு பேனா வாங்கி, ஒவ்வொரு சீட்டிலும் அந்த வார்த்தையை அடித்துவிட்டு ‘ஏழு நிமிடம்’ என்று எழுதினாள். நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்கு அடிக்கறே என்றார் பேக்கரி அம்மா. எல்லாருக்கும் புரியணுமில்ல என்று அவள் சொன்னாள். அவன் பக்கத்தில் நின்று, இருபது தடவையும் பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும், வண்டி கொண்டு வந்திருக்கேன், அக்காவைப் பாக்கப் போலாமா என்று கேட்டான். சேர்ந்து போய் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றான்.

“வேணாங்க. நான் கேக்க வேண்டியது வேற, நீங்க கேக்க வேண்டியது வேற. ஒண்ணாப் போனா ஒருத்தர் முதுகுல ஒருத்தர் ஒளிஞ்சுக்குவோம்.”

“அப்புறம் வீட்டுக்கு வந்துடுவியா?”

தட்டில் பூ காயுதுல்ல, திருப்பிப் போட வரணும் என்றாள் அவள். அது ஆமாமா இல்லையா என்று அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

நர்சரியில் அண்ணி நேற்று நின்ற அதே இடத்தில், பூவாளியோடு நின்றுகொண்டிருந்தார். உரமூட்டை தூக்குகிற இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று பூவி காத்திருக்கவில்லை. நேற்று அவர்கள் கேட்டதால் இன்றும் அவர்கள் கேட்கத்தான் வேண்டும். நான் பேசினது தப்பு அண்ணி, உங்க மேல எந்தக் குத்தமும் இல்ல என்றாள், நேற்றுப் பேசிய அதே சத்தத்தில்.

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். “உன்கிட்ட அவன் சொன்னான், நீ நம்பிட்டே. அது எனக்குப் புரியுது,” என்றார். “ஒன்பது வருஷமா நான் உன்கிட்ட நடந்துக்கிட்டது எங்க போச்சுன்னுதான் ராத்திரியெல்லாம் புரியல.”

 நேற்று பூவி கேட்ட கேள்விக்கு அவள் கணவன் எப்படிப் பதிலில்லாமல் உட்கார்ந்திருந்தானோ, அப்படித்தான் இப்போது அவளும் நின்றாள். அண்ணி அடுத்த தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். பூவி போகவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும், கன்றுகளுக்கு நடுவே, அங்கேயே நின்றாள்.